விற்காத பாட்டுக்கு விலை என்ன?

2005, 2006 வாக்கில் நியூயார்க்கில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையில் கிடாரை வைத்துக்கொண்டு பதினைந்து பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். பெரும்பாலும் கிடாரும் குரலும் மட்டும்தான். 'சைரன்ஸ்' என்று தலைப்பு. பாடியவர் பெயர் 'மே ஜெய்லர்'. அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. தொகுப்பு எந்தக் கடைக்கும் வரவில்லை, எந்த வானொலியிலும் ஒலிக்கவில்லை, யாரும் விமர்சனம் எழுதவில்லை. 2012-ல் யாரோ அதை இணையத்தில் கசியவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பதினைந்து பாட்டுகளையும் வார்த்தை பிசகாமல் பாடக்கூடிய ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்தப் பாட்டுகள் பதிவானபோது தொட்டிலில் கிடந்தவர்கள்!

அந்தப் பெண்தான் லானா டெல் ரே. பெற்றோர் வைத்த பெயர் எலிசபெத் வூல்ரிட்ஜ் கிரான்ட். அவர் இதுவரை வெளியிட்ட பாட்டுகளே ஒரு பெரிய மூட்டை. வெளியிடாத மூட்டை அதைவிடப் பெரிதாக இருக்கும் போலிருக்கிறது. ரசிகர்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியல் இருநூறைத் தாண்டுகிறது. எந்தப் பாட்டு எந்த வருடம், எந்தப் பெயரில் பாடியது, எத்தனை வடிவம் உண்டு, எதில் கடைசி சரணம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அவர்கள் வைத்திருக்கும் கணக்கைப் பார்த்தால் ஆடிட்டர்கள் கூட வெட்கப்படுவார்கள்.

டெமோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு மனதிலிருந்து நழுவிப் போகாமல் பிடித்து வைக்கவும், தயாரிப்பாளரிடமோ கம்பெனிக்காரரிடமோ போட்டுக் காட்டவும் எடுக்கும் மாதிரிப் பதிவு அது. நம் ஊர் சினிமாவில் பெரிய பாடகர் வருவதற்கு முன் வேறொருவரை வைத்து 'டிராக்' எடுப்பார்களே, பாதி அந்த மாதிரி. ஆனால் டிராக்கில் ஆளே மாறிவிடுவார். டெமோவில் அதே ஆள், அதே குரல், இன்னும் முடிவாகாத நிலையில். பரீட்சைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் போடும் ரஃப் ஒர்க் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். அதைப் பார்த்து யாரும் மார்க் போடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

கேள்வி இதுதான். ஒருவர் ரஃப் ஒர்க் என்று ஒதுக்கி வைத்ததை, ஊரே சேர்ந்து தலையில் வைத்துக் கொண்டாடுவது அன்பா, அத்துமீறலா? இரண்டும்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. ரசிகர்கள் அந்தக் கோட்டைப் பார்க்க விரும்புவதில்லை.

முதலில் அன்பின் பக்கம். அதைக் கேலி செய்வது சுலபம், புரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

2007-ல் ஃபைவ் பாயின்ட்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி இவருடைய டெமோவைக் கேட்டு ஒப்பந்தம் போட்டது. கிடைத்தது 10,000 டாலர். அந்தப் பணத்தில் நியூஜெர்சியின் நார்த் பெர்கனில் டிரெய்லர் வீடுகள் நிற்கும் ஒரு பேட்டையில் குடியேறினார். 2008-ல் 'கில் கில்' என்று மூன்றே மூன்று பாட்டு வெளிவந்தது, லிஸ்ஸி கிரான்ட் என்ற பெயரில். 2010 ஜனவரியில் டேவிட் கான் தயாரிப்பில் முழுத் தொகுப்பு. சில மாதங்கள்தான். ஐடியூன்ஸிலிருந்து அது இறக்கப்பட்டது, உரிமையைப் பாடகியின் தரப்பே திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் 2011-ல் 'வீடியோ கேம்ஸ்' யூடியூபில் ஏறியது. ஊர் பேர் தெரியாதவராக இருந்தவர் சில மாதங்களில் எல்லோர் வாயிலும் விழுந்தார். 2012 ஜனவரியில் 'பார்ன் டு டை'.

விழுந்த வாயெல்லாம் நல்ல வாயாக இல்லை. "இது கம்பெனி செய்த பொம்மை, பெயர் போலி, உதடு போலி, சோகம் போலி" என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். 2012 ஜனவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் பாடியதை வைத்துக் கேலி செய்யாதவர்களே இல்லை. அதற்கு முன்னால் லிஸ்ஸி கிரான்ட் என்று ஒருத்தி இருந்தாள், தலைமுடி வேறு நிறம், உடை வேறு மாதிரி என்று பழைய படங்களைத் தோண்டி எடுத்து, "பார்த்தீர்களா, மாட்டிக்கொண்டார்" என்று ஒரு கூட்டம் கைதட்டியது.

'சைரன்ஸ்' கசிந்தது இந்தச் சண்டை சூடாக நடந்துகொண்டிருந்த அதே வருடத்தில். கசியவிட்டவர் என்ன நினைத்துச் செய்தாரோ, விளைவு வேறாக இருந்தது. ரசிகர்கள் கையில் அது ஆவணமாகிவிட்டது. பெரிய கம்பெனியும் இல்லை, ஸ்டைலிஸ்டும் இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அப்போதே இந்தப் பெண் ஒற்றைக் கிடாரோடு உட்கார்ந்து தன் பாட்டைத் தானே எழுதிக்கொண்டிருந்தாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பழைய படங்களை வைத்து ஒரு தரப்பு வழக்குப் போட்டது, பழைய பாட்டுகளை வைத்து மறு தரப்பு வழக்கை உடைத்தது. டெமோக்கள் மேல் இந்த ரசிகர்களுக்கு இருக்கும் பிடிப்பில் இசை ரசனை பாதி என்றால், இந்த வக்கீல் வேலை மீதிப் பாதி. தங்கள் ஆள் அவமானப்பட்ட நாட்களில் கூட நின்ற பாட்டுகள் அவை.

இசைப் பாதியும் லேசுப்பட்டது இல்லை. 'சைரன்ஸ்' பாட்டுகளில் குரல் மெல்லியது, உயர்ந்தது, கொஞ்சம் நடுங்குவது. 'வீடியோ கேம்ஸ்' பாட்டில் கேட்கும் கனத்த தாழ்ந்த குரலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாரும் தன்னை மதித்துக் கேட்கவில்லை, அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டதாக அவரே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு டெமோவைக் கேட்பவருக்குப் பாட்டே வேறு மாதிரி கேட்கும். மதிப்பு வேண்டும் என்பதற்காக ஒரு பெண் குரலை மாற்றிக்கொள்வதற்கு முன்னால் எப்படிப் பாடினாள் என்பதற்கு வேறு பதிவே கிடையாது. வெளியான தொகுப்பு எதிலும் அது இல்லை.

'யாயோ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் ஒரு முறை, 2010 தொகுப்பில் ஒரு முறை, 2012 கடைசியில் 'பாரடைஸ்' தொகுப்பில் திரும்பவும் பாடிய வடிவம். மூன்றையும் வரிசையாகக் கேட்டால் ஒரு ஆள் தன்னைத் தானே செதுக்கிக்கொள்வது காதில் விழும். சிலையைப் பார்த்தவர்கள் கோடிப் பேர், உளியின் சத்தத்தைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் தானும் ஒருவர் என்கிற கர்வமும் இதில் கலந்திருக்கிறது. இல்லை என்று எந்த ரசிகராவது சொன்னால் நம்ப வேண்டாம் :-)

டெமோவே மேலானதாக இருந்த வரலாறும் உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டில் உட்கார்ந்து நான்கு டிராக் கேசட் பதிவுக் கருவி ஒன்றில் பாடி வைத்தார். இசைக்குழுவுக்குப் போட்டுக் காட்டத்தான். கேசட்டை உறை கூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். பிறகு குழுவை வைத்து ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தார்; கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று அதே வருடம் வெளியிட்டார். குழுவோடு பாடிய வடிவம் இருக்கிறதா இல்லையா என்று ரசிகர்கள் பல காலம் பட்டிமன்றம் நடத்தி, 43 வருடம் கழித்து 2025-ல் அவரே அதையும் வெளியே விட்டார்.

ரசிகர்கள் இந்தக் கதையைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள். "பாருங்கள், டெமோதான் ஒரிஜினல்" என்று. ஆனால் கதையில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கேசட் அவர் பாக்கெட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்தவர் அவர். 1982-ல் ஒன்று போதும் என்று முடிவு செய்தவரும், 2025-ல் சரி, மற்றதும் போகட்டும் என்று முடிவு செய்தவரும் அவர்தான்.

இனி சந்தைக்கு வருவோம். பி.காம். படிப்பவர்களுக்கு இதுதான் சுவாரசியமான இடம்.

டிஜிட்டல் பாட்டுக்கு நகல் எடுக்கும் செலவு பூஜ்யம். கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் முதல் ஆளிடம் இருப்பது குறையாது. அப்படியென்றால் வெளிவராத பாட்டுக்கு எப்படி விலை வருகிறது? பாட்டில் தட்டுப்பாடு இல்லை, ரகசியத்தில்தான் தட்டுப்பாடு. திருடியோ, உள்ளே வேலை செய்தவர் மூலமோ ஒரு ஃபைலைக் கையில் வைத்திருப்பவர் முப்பது வினாடித் துண்டை மட்டும் வெளியே விடுவார். ரசிகர்களுக்குப் பித்துப் பிடிக்கும். முழுப் பாட்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்வார். ஒருவரால் முடியாது என்பதால் பத்துப் பேர், ஐம்பது பேர் சேர்ந்து சீட்டுக் கட்டுவது போலப் பணம் போட்டு வாங்குவார்கள். 'குரூப் பை' என்று அதற்குப் பெயரே உண்டு. பணம் கைமாறிய மறு நிமிடம் பாட்டு ஊருக்கெல்லாம் இலவசம், விலை மறுபடி பூஜ்யம். விற்றவர் அடுத்த ஃபைலைத் தேடிப் போவார்.

அடுத்த ஃபைல் எங்கிருந்து வரும்? இங்கேதான் அன்பு என்கிற வார்த்தை தொண்டையில் சிக்குகிறது. பழைய டெமோக்கள் ஒரு நாள் தீர்ந்துவிடும். தீர்ந்தால் புதிய சரக்கு வேண்டும். வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்த சந்தையில் சரக்கு வராமல் போனதாகச் சரித்திரமே கிடையாது.

2013-ல் 'பிளாக் பியூட்டி' என்ற பாட்டு, அடுத்த தொகுப்புக்கு என்று அவர் எழுதி வைத்திருந்தது, வெளிவருவதற்கு முன்பே கசிந்தது. தன் கணினிக்குள் யாரோ தொலைவிலிருந்தே புகுந்துவிட்டதாகவும், யாருக்கும் மின்னஞ்சலில் கூட அனுப்பாத பாட்டுகள் அவர்கள் கையில் இருப்பதாகவும் சொன்னார். மனம் சோர்ந்துவிட்டது, தொகுப்பில் எதைப் போடுவதென்றே தெரியவில்லை என்றார். கடைசியில் 2014-ல் வந்த 'அல்ட்ராவயலன்ஸ்' தொகுப்பில் அந்தப் பாட்டு கூடுதல் பாட்டாக ஒரு ஓரத்தில் இடம் பிடித்தது. கசியாமல் இருந்திருந்தால் நடு வீட்டில் இருந்திருக்குமோ என்னவோ.

2022-ல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் காரின் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிப் போனார்கள். உள்ளே மடிக்கணினி, ஹார்ட் டிஸ்குகள், வீடியோ கேமராக்கள். கணினியில் இருந்தது பாட்டு மட்டும் இல்லை. ஒரு பதிப்பகத்துக்காக எழுதிக்கொண்டிருந்த 200 பக்கப் புத்தகமும் இருந்தது. வேறு நகல் இல்லை. திருடன் கையில் எல்லாம் போய்விடக் கூடாது என்று தொலைவிலிருந்தே அந்தக் கணினியைத் துடைத்து அழிக்க வேண்டியதாயிற்று. 200 பக்கமும் போச்சு. இதையெல்லாம் அவரே 2022 அக்டோபரில் வெளிப்படையாகச் சொல்லி, பாட்டுகள் கசிந்தால் தயவுசெய்து கேட்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

கண்ணாடியை உடைத்தவர் ரசிகர் என்று யாரும் சொல்லவில்லை. சாதாரணக் கார் திருடனாகவே இருக்கலாம். ஆனால் ஒரு எழுத்தாளர் தன் 200 பக்கத்தைத் தானே அழிக்கும் அளவுக்குப் பயப்படுகிறார் என்றால், அந்தப் பயத்தை வளர்த்தது பத்து வருடக் கசிவுகளும், ஒவ்வொரு கசிவுக்கும் வரிசையில் நின்ற கூட்டமும். திருட்டு லேப்டாப்பைக் கார்த் திருடன் சந்தையில் அடிமாட்டு விலைக்கு விற்பான். அதற்குள் இருக்கும் பாட்டுக்குத் தனி விலை உண்டு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

இவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. 2014 டிசம்பரில் மடோனாவின் 13 டெமோக்கள் கசிந்தபோது, அவசரம் அவசரமாக ஆறு பாட்டுகளை முடித்து 20-ஆம் தேதியே விற்பனைக்கு விட வேண்டியதாயிற்று. தொகுப்பு வந்தது 2015 மார்ச்சில். கணினிக்குள் புகுந்தவர் இஸ்ரேலில் பிடிபட்டு 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வாங்கிக் கேட்டவர்கள் யாரும் எங்கும் பிடிபடவில்லை, பிடிபடவும் மாட்டார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. கசிந்த பாட்டை வேறு பெயரில், வேறு பாடகர் என்று சொல்லி ஸ்பாட்டிஃபையில் ஏற்றிக் காசு பார்ப்பது. 2019-ல் பிளேபாய் கார்ட்டி பாடிய வெளிவராத பாட்டு ஒன்று யாரோ ஒருவர் பெயரில் ஏறி, ஸ்பாட்டிஃபையின் அமெரிக்க வைரல் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது. ரசிகர்கள் ஒவ்வொரு முறை கேட்டபோதும் பாட்டு எழுதியவருக்குப் போக வேண்டிய பைசா வேறு பையில் விழ வாய்ப்புக் கொடுத்தார்கள். "நாங்கள் காசு பண்ணுவதற்காகவா செய்கிறோம், அன்பு" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சரி, அழித்துவிட்டால்? அந்தப் பக்கத்தையும் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஆமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில் 27 வயதில் இறந்தார். மூன்றாவது தொகுப்புக்காகப் பாடி வைத்திருந்த டெமோக்களை அழித்துவிட்டதாக யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் டேவிட் ஜோசப் 2015-ல் சொன்னார். பின்னாளில் யாராவது அவர் குரலை வெட்டி ஒட்டி வியாபாரம் செய்துவிடக் கூடாது என்பது காரணம். கேட்பதற்குக் கண்ணியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுத்ததும் பாடகி இல்லை, கம்பெனி. திருடன் அவரைக் கேட்காமல் வெளியிட்டிருப்பான், கம்பெனி அவரைக் கேட்காமல் எரித்தது. இறந்தவரிடம் கேட்க முடியாது என்பது உண்மைதான். கேட்க முடியாதபோது அழிப்பது மட்டும் எப்படி நியாயமாகும்? பூட்டி வைத்திருக்கலாமே.

நிக் டிரேக் கதை இதற்கு நேர் எதிர். 1974-ல் 26 வயதில் இறந்த அந்த ஆங்கிலேயப் பாடகரின் மூன்று தொகுப்புகளும் அவர் இருந்தபோது சொற்பமாகத்தான் விற்றன. இறந்த பிறகு ரசிகர்கள் அவர் பெற்றோரின் கிராமத்து வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வந்த பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசி, மகன் வீட்டில் பாடிய பழைய பதிவுகளை அப்பா கேசட்டில் நகல் எடுத்துக் கொடுத்தனுப்பினார். அந்தக் கேசட்டுகளிலிருந்துதான் திருட்டுப் பதிப்புகள் கிளம்பின. 2007-ல் குடும்பமே 'ஃபேமிலி ட்ரீ' என்று முறையாக வெளியிட்டது. அந்த அப்பாவைத் திட்ட யாருக்கு மனம் வரும்? மகனைத் தேடி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாமல் கொடுத்தது அது. அதை வாங்கி வியாபாரம் செய்தவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

ரசிகர்களின் வாதங்களில் வலுவான ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது. "நாங்கள் விடாமல் கேட்டதால்தான் அந்தப் பாட்டுகள் பிழைத்தன" என்கிறார்கள். பொய் இல்லை. 'ஸே யெஸ் டு ஹெவன்' என்று 'அல்ட்ராவயலன்ஸ்' காலத்தில் பாடி ஒதுக்கிய பாட்டு கசிந்து, பல வருடம் ரசிகர்களிடையே சுற்றி, டிக்டாக்கில் தீயாகப் பரவி (இந்தியாவில் டிக்டாக் 2020-லேயே தடை, அது வேறு கதை), 2023 மே 19-ஆம் தேதி முறையாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 2021-ல் வந்த 'புளூ பானிஸ்டர்ஸ்' தொகுப்பில் பழைய காலத்தில் பாடி ஒதுக்கிய பாட்டுகள் சிலவற்றை அவரே சேர்த்தார். ரசிகர்களின் ஆசை ஒரு பாடகியின் மனதை மாற்றியிருக்கிறது என்றால் அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அது மனதை மாற்றியது, கையை முறுக்கவில்லை. அவர் எடுத்துக் கொடுத்தார். இருநூறில் கொடுத்தது ஒரு கைப்பிடி. மீதியைக் கொடுக்கவில்லை என்பதும் அவர் சொன்ன பதில்தான். அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றால் எப்படி?

பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கென்றே தனி உரிமை இருக்கிறது. ஒரு படைப்பை வெளியிடுவதா வேண்டாமா, எப்போது வெளியிடுவது என்பதை முடிவு செய்யும் உரிமை படைத்தவருக்கு மட்டும். பணத்துக்கான உரிமையை விற்றாலும் இது அவரை விட்டுப் போகாது. வியாபாரிகளின் சட்டம் இதற்கு நேர்மாறாக வேலை செய்வதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை 50 வருடத்திலிருந்து 70 ஆக நீட்டியபோது, அந்த நீட்டிப்பு 50 வருடத்துக்குள் வெளியான பதிவுகளுக்குத்தான் என்று ஆனது. விளைவு என்ன தெரியுமா? பாப் டிலன் 1962-ல் பாடி வெளிவராமல் கிடந்த பதிவுகளை 2012 கடைசியில் சோனி நிறுவனம் ஏறக்குறைய நூறு பிரதிகள் மட்டும் அடித்து ஐரோப்பாவில் விற்றது. தலைப்பிலேயே 'காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று போட்டார்கள். ரசிகர்களுக்காக இல்லை, உரிமை போய்விடக் கூடாது என்பதற்காக. கம்பெனிகளுக்கு டெமோவின் மேல் இருக்கும் பாசம் இவ்வளவுதான்.

அதனால் கம்பெனிகளுக்காக இங்கே கண்ணீர் விட வேண்டிய அவசியம் இல்லை. 2010 தொகுப்பு நல்ல உதாரணம். அது டெமோ கூட இல்லை, முழுதாக முடித்து, விலை போட்டு விற்ற சரக்கு. திரும்ப வெளியிடப்போவதாக 2012-ல் பாடகியே சொன்னார். அந்த வருடம் வரவில்லை, அதற்குப் பிறகும் வருடங்கள் ஓடின. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவனுக்கு வாங்க வழியே இல்லை என்றால் அவன் எங்கே போவான்? ஒரு காலத்தில் விற்றுவிட்டுப் பின்னால் மறைத்த தொகுப்பைத் தேடிக் கேட்பவரையும், ஒருநாளும் விற்காத ஒன்றைத் திருடனிடம் காசு கொடுத்து வாங்குபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம்.

ஆகவே கோடு எங்கே என்றால், கேட்பதில் இல்லை, காசு கொடுப்பதில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடமாக உலகம் முழுக்கச் சுற்றும் 'சைரன்ஸ்' பாட்டை இன்றைக்கு ஒரு பதினெட்டு வயதுப் பெண் ராத்திரி ஹெட்போனில் கேட்டு அழுதால், அதனால் யார் கணினியும் உடையப்போவதில்லை. பால் கொட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் இதுவரை யாரும் கேட்காத ஒரு ஃபைலுக்காக ஐம்பது பேர் சேர்ந்து பணம் போடும்போது, அவர்கள் வாங்குவது பழைய பாட்டு இல்லை, அடுத்த திருட்டுக்கு அட்வான்ஸ்.

இதற்கு வரும் வழக்கமான பதில், "நாங்கள் வாங்காவிட்டால் வேறு யாரோ வாங்குவார்கள்." லஞ்சம் கொடுப்பவரும் இதையேதான் சொல்கிறார். வாங்கும் கூட்டம் சின்னது என்பதுதான் இந்தச் சந்தையின் பலவீனம். அரிசி பருப்பு மாதிரி ஊரே வாங்கும் பொருள் இல்லை. உலகம் முழுக்கத் தேடினாலும், வெளிவராத லானா டெல் ரே பாட்டுக்காகப் பையிலிருந்து பணம் எடுப்பவர்கள் மிகச் சில தீவிர ரசிகர்கள்தான். அவர்கள் கையை மூடினால் விலை சொல்பவனுக்குக் கடை இல்லை.

இன்னொன்று. ரஃப் ஒர்க் பார்க்கப்படும் என்று தெரிந்தால் யாரும் ரஃப் ஒர்க் போட மாட்டார்கள். எழுதும்போதே ஊர் பார்க்கிறது என்ற நினைப்போடு எழுதுவார்கள். அசட்டுத்தனமான வரியை எழுதிப் பார்த்து அடிக்கும் சுதந்திரம் போய்விடும். 'சைரன்ஸ்' அத்தனை அழகாக இருப்பதற்குக் காரணமே அது யாரும் கேட்காத இடத்தில் பாடப்பட்டது என்பதுதான். அந்த இடத்தைத்தான் ரசிகர்கள் காதலிக்கிறார்கள், அதே இடத்துக்குள்தான் கூட்டமாக நுழையவும் பார்க்கிறார்கள்.

2023 மார்ச்சில் வந்த அவருடைய தொகுப்பின் பதினாறாவது, கடைசிப் பாட்டு 'டாகோ டிரக் எக்ஸ் வி.பி.'. பாதியில் பாட்டு திரும்பி, 2018-ல் வெளியாகி எல்லோருக்கும் தெரிந்த 'வெனிஸ் பிட்ச்' பாட்டின் பழைய வடிவத்துக்குள் நுழைகிறது. வெளியான பாட்டில் இல்லாத ஒரு கனம் அதில் இருக்கிறது. பல வருடம் தன்னிடமே வைத்திருந்து, அவருக்குத் தோன்றிய நாளில், அவருக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார்.